ரோஜாவின் ஊரும் அதன் பார்வையாளர்களும்

மணிரத்னம் இயக்கிய ‘ரோஜா’ 1992 ஆகஸ்ட் 15 அன்று திரைக்கு வந்தது. கதைநாயகியின் ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்கு அருகே, மேற்கு மலை கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், வயல் சூழ இருக்கும் அந்த ஊரின் பெயரை அதுவரை நெல்லைச் சீமைக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. மறு ஆண்டே படம் 18ஆவது மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. 40ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் தேச ஒருமைப்பாட்டுக்கான சிறந்த படம், சிறந்த இசை, சிறந்த பாடல் என மூன்று விருதுகள் கிடைத்தன. 1994இல் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் அறிஞர்கள் மாதக்கணக்கில் அதைப் பற்றி வாதிட்டார்கள். கண்ணைக் கவரும் ஒரு தமிழ்ப் படத்துக்குப் பார்வையாளர்கள் எத்தனை விதமாக எதிர்வினை ஆற்ற முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்த எதிர்வினைகளின் வேர் படத்தின் தொடக்கத்தில், தென்காசிப் பச்சையில் இருக்கிறது. ‘ரோஜா’ பற்றிய பேச்சு உடனே காஷ்மீருக்குப் போய்விடுவதால் இந்தப் பகுதி அதிகம் கவனிக்கப்படவில்லை.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மலையின் மறைவில் கிடக்கும் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் அதற்கு வாழ்வு. தென்காசி வட்டாரம் இதற்கு விலக்கு. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தணிந்து வழிவிடுவதால், கேரளத்தில் பெய்யும் ஆனி, ஆடி மழையின் மிச்சம் காற்றோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. இதைத்தான் சாரல் என்கிறார்கள். தமிழகத்தின் பிற ஊர்கள் வெயிலில் வறண்டிருக்கும் ஜூன், ஜூலையில் இங்கே வானம் மூடியிருக்கும், வயல் பச்சை பிடித்திருக்கும், குற்றாலத்தில் பேரருவி பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி மறுபடி கீழே கொட்டும். மேகம் வடிகட்டிய அந்த வெளிச்சத்தில் கடுமையான நிழல் விழாது. பச்சை என்ற ஒரே நிறத்துக்குள் இருக்கும் பல சாயல்கள் தனித்தனியாகத் தெரியும். ஒளிப்பதிவாளர்கள் இந்தப் பகுதியைத் தேடி வருவதற்கு அருவியைவிட இந்த வெளிச்சமே பெரிய காரணம்.

காட்சியைச் சுவைக்கும் பழக்கமும் இங்கே பழையது. குற்றாலத்தின் சித்திர சபையில் நடராசர் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். ஐந்து சபைகளில் மற்றவற்றில் திருமேனியாக ஆடும் இறைவன் இங்கே வண்ணமாகவும் கோடாகவும் ஆடுகிறார். மார்கழித் திருவாதிரை விழாவில் அந்தச் சபையில் தாண்டவ தீபாராதனை காண மக்கள் கூடுகிறார்கள். ஓவியத்தின் முன் திரளாக நின்று பார்ப்பது இந்த ஊருக்குத் திரைப்படம் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியிலும், குறத்தி தன் மலையின் வளத்தைச் சொல்லும் இடம்தான் கதையைவிட நிலைத்து நிற்கிறது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததும் குற்றாலத்தில்தான். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். கம்பன் கவியை அவர் விளக்கிய முறையில் இலக்கண ஆராய்ச்சிக்குப் பின்னிருக்கைதான். கவி கேட்பவரிடம் என்ன செய்கிறது என்பதே அவருக்கு முதல் கேள்வி. திரைப்படத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

‘ரோஜா’ தென்காசியில் தொடங்கவில்லை. காஷ்மீரக் காடு ஒன்றில், இருள் விலகாத நேரத்தில், வாசிம் கான் என்ற தீவிரவாதத் தலைவனை ராணுவம் பிடிக்கும் காட்சிதான் முதலில் வருகிறது. துப்பாக்கி, மூச்சிரைப்பு, மங்கலான நீல ஒளி. அது முடிந்த வேகத்தில் திரை முழுக்க வெளிச்சமும் தண்ணீரும் நிறைகின்றன. மின்மினியின் குரலில் ‘சின்னச் சின்ன ஆசை’ தொடங்குகிறது. ஏ.ஆர்.ரஹ்மான் என்ற 25 வயது இளைஞரின் திரைப்பாடலைத் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் முதன்முதலாகக் கேட்ட இடமும் இதுதான். அருவி நீர், வயல் வரப்பு, ஊர்ப் பிள்ளைகள், நடுவே ஒரு பெண். இருட்டிலிருந்து பச்சைக்கு நிகழும் இந்தத் தாவலில் பார்வையாளர் மனத்தில் ஒரு கணக்குப் பதிந்துவிடுகிறது: ஆபத்து அங்கே, வீடு இங்கே. வசனம் எதுவும் இதைச் சொல்வதில்லை.

ஒளிப்பதிவாளர் சந்தோஷ் சிவன் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ‘பெருந்தச்சன்’ என்ற மலையாளப் படத்துக்காக ஏற்கெனவே தேசிய விருது பெற்றிருந்தார். அதற்கு அடுத்து மணிரத்னத்தோடு ‘தளபதி’யில் பணியாற்றினார். நீர்த்திவலைக்குப் பின்னாலிருந்து வெயிலை வரவிடுவது, ஈரமான முகத்தை அருகில் போய்க் காட்டுவது, அதிகாலை ஒளிக்காகக் காத்திருப்பது ஆகியவை அவருடைய கைவழக்கம். இந்தப் பாடலில் அவை எல்லாமே உண்டு. ஆனால் திரையில் தெரியும் ‘சுந்தரபாண்டியபுரம்’ ஒரே ஊரில் எடுக்கப்பட்டதில்லை. காவிரி பாறைகளுக்கிடையே விழும் ஒகேனக்கல்லும், பாபநாசம் மலையில் காரையாறு அணைக்கு மேலே இருக்கும் பாணதீர்த்த அருவியும் இந்தப் பாடலில் சேர்ந்திருக்கின்றன. வடக்கே தருமபுரியில் விழும் தண்ணீரும் தெற்கே பொதிகைச் சாரலில் விழும் தண்ணீரும் படத்தொகுப்பில் ஒரே ஊரின் தண்ணீராகிவிடுகின்றன. பார்வையாளருக்கு இதில் ஏமாற்றம் இல்லை. ஒவ்வொருவரும் தம் நினைவில் இருக்கும் ஊரை அதில் பொருத்திக்கொள்ள அந்தக் கலவையே இடம் கொடுத்தது.

கதை எளிமையானது. சென்னையிலிருந்து பெண் பார்க்க வரும் ரிஷிகுமாரிடம், தனக்கு வேறொருவரைப் பிடித்திருப்பதாக அக்கா செண்பகம் சொல்லிவிடுகிறாள். அவளைக் காப்பாற்ற நினைக்கும் ரிஷி, தங்கை ரோஜாவைப் பிடித்திருப்பதாகச் சபையில் அறிவிக்கிறான். அக்காவின் பெயர் குற்றால மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவியையும் அம்மனையும் நினைவூட்டுவது. இந்தப் பக்கத்துப் பார்வையாளர்களுக்கு அது பழகிய பெயர். முதலிரவை ஒட்டி ஊர்க் கிழவிகள் ஆடிப் பாடும் பாட்டு, பிள்ளைகளோடு ரோஜா செய்யும் குறும்பு, பெரியவர்கள் கூடிப் பேசும் திண்ணை என்று படம் ஊரை நின்று நிதானித்துக் காட்டுகிறது. விமர்சகர்கள் சிலர் இந்தப் பகுதியைச் சுற்றுலா அட்டைப்படம் போன்ற அழகு என்று குறை சொன்னார்கள். உழைப்பும் சாதியும் தெரியாத ஊர் இது என்பது உண்மைதான். நெல்லைக் கிராமத்தை அறிந்தவர் யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் அழகைக் குறைத்திருந்தால் படத்தின் பிற்பகுதி நின்றிருக்காது. கணவனைத் தேடி அலையும் ரோஜாவின் முகத்தில் பார்வையாளர் காண்பது அவள் விட்டு வந்த இந்தப் பச்சையைத்தான்.

திருமணத்துக்குப் பின் கதை காஷ்மீர் போகிறது. ஆனால் படக்குழுவால் காஷ்மீர் போக முடியவில்லை. 1989க்குப் பிறகு அங்கே நிலைமை மோசமாகியிருந்தது. குன்னூரும் ஊட்டியும் இமாசலத்தின் மணாலியும் காஷ்மீராக நடித்தன. பனியை முதன்முதலாகப் பார்க்கும் ரோஜாவின் வியப்பில் ஒரு முழுப் பாடல் அமைந்திருக்கிறது. 1992இல் பனியை நேரில் கண்டிராத தமிழ்ப் பார்வையாளர் பெரும்பான்மை. எனவே ரோஜா அந்தக் காட்சியில் அவர்களின் பிரதிநிதியாகவே நிற்கிறாள். பச்சையில் வளர்ந்த கண் வெள்ளையைப் பார்த்து வியக்கிறது, சற்று நேரத்தில் அதே வெள்ளை அச்சமாக மாறுகிறது. ரிஷியைத் தீவிரவாதிகள் கடத்திப் போகிறார்கள். இந்திய எண்ணெய் நிறுவன அதிகாரி ஒருவர் 1991இல் காஷ்மீரில் கடத்தப்பட்டு மீண்ட நிகழ்ச்சியும், எமனிடம் கணவனை மீட்ட சாவித்திரியின் கதையும் திரைக்கதைக்கு அடிப்படை.

படத்துக்கு எழுந்த எதிர்வினைகளில் மிகப் பெரியது தேசியக்கொடிக் காட்சிக்கு உரியது. தீவிரவாதிகள் கொடியைக் கொளுத்துகிறார்கள். கைகள் கட்டப்பட்ட ரிஷி சன்னலை உடைத்து வெளியே பாய்ந்து, எரியும் கொடியின் மேல் புரண்டு தீயை அணைக்கிறான். அவன் உடையில் தீப்பற்றுகிறது. இடையிடையே, கடத்தியவர்களின் தலைவன் லியாகத் தொழுகையில் இருப்பது காட்டப்படுகிறது. பின்னணியில் பாட்டு உயர்கிறது. நாடெங்கும் திரையரங்குகளில் இந்த இடத்தில் கைதட்டலும் முழக்கமும் எழுந்தன.

எல்லா ஊரிலும் அது ஒரே கைதட்டல்தானா என்பது ஆராய வேண்டிய கேள்வி. தமிழில் அந்தப் பாட்டு தமிழனை விளித்துத் தொடங்குகிறது, ஹரிஹரன் தமிழில் பாடிய முதல் பாட்டு அது. அதே மெட்டு இந்தியில் பாரதத்தின் மீதான அன்பைச் சொல்லித் தொடங்குகிறது. தமிழ்ப் படத்தில் ஒரு தமிழ் இளைஞன் இந்தியக் கொடிக்காகத் தீயில் விழும்போது பாட்டு அவனைத் தமிழன் என்றே கூப்பிடுகிறது. பிரிவினைக் கோரிக்கையை 1963இல் கைவிட்ட அரசியல் மரபும், 1965இன் மொழிப் போராட்டமும், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட 1991ஆம் ஆண்டின் அதிர்ச்சியும் உள்ள ஒரு மாநிலத்தில் அந்த விளிக்கு அழுத்தமான பொருள் உண்டு. இந்தியில் அந்தப் பொருள் முழுவதும் மறைகிறது. தமிழ்ப் படத்தில் ரோஜாவுக்கு இந்தியும் ஆங்கிலமும் தெரியாது. காவல் நிலையத்திலும் ராணுவ முகாமிலும் தன் துயரத்தைச் சொல்ல மொழியின்றி அவள் தவிக்கிறாள். தமிழ் தெரிந்த கர்னல் ராயப்பாவாக நாசரும், தமிழ் பேசும் வழிகாட்டியாக ஜனகராஜும் வந்து உதவ வேண்டியிருக்கிறது. எல்லாரும் இந்தி பேசும் மொழிமாற்றுப் படத்தில் அந்தத் தவிப்பு கரைந்துபோகிறது. தென்காசிப் பெண்ணின் தனிமை வட இந்தியப் பார்வையாளருக்குப் போய்ச் சேரவே இல்லை. கொடி மட்டும் போய்ச் சேர்ந்தது.

காலமும் அந்த வேறுபாட்டைப் பெரிதாக்கியது. தமிழில் படம் வெளிவந்தபோது பாபர் மசூதி இடிக்கப்படவில்லை. 1992 டிசம்பர் 6 அன்று அது இடிக்கப்பட்டது. தொடர்ந்து பம்பாயில் கலவரம் நடந்தது. அதற்குப் பிறகுதான் இந்தி ‘ரோஜா’ திரைக்கு வந்தது. தொழுகையும் தீயும் மாறி மாறி வரும் காட்சியை ஆகஸ்ட் 1992இல் மதுரையில் பார்த்தவரும், கலவரத்துக்குப் பின் வடக்கே ஒரு நகரத்தில் பார்த்தவரும் அதே படத்தைப் பார்த்திருக்க முடியாது. திரையில் ஒரு சட்டகம்கூட மாறாமலேயே அரங்கில் அதன் பொருள் மாறிவிட்டது.

இதைத்தான் 1994இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் தேஜஸ்வினி நிரஞ்சனா எழுதிய கட்டுரை விவாதத்துக்குக் கொண்டுவந்தது. படம் கட்டமைக்கும் தேசம் யாருடையது என்று அவர் கேட்டார். வெங்கடேஷ் சக்கரவர்த்தியும் எம்.எஸ்.எஸ்.பாண்டியனும் அதற்கு எதிர்வினை எழுதினார்கள். ருஸ்தம் பரூச்சா இன்னும் கடுமையாக, படம் பாசிசத்தின் எல்லையில் நிற்பதாக எழுதினார். வணிகத் திரைப்படம் ஒன்றுக்கு இந்திய அறிவுலகம் இவ்வளவு இடம் ஒதுக்கியது அதுவரை அரிது. இந்த விமர்சனங்களில் பெரும்பகுதிக்கு நியாயம் உண்டு. காஷ்மீர மக்களின் துயரத்துக்குப் படத்தில் இடம் மிகக் குறைவு, இறுதியில் மனம் மாறி ரிஷியை விட்டுவிடும் லியாகத்தும் அந்தக் குறையை நிரப்பவில்லை. ஆனால் கைதட்டிய கூட்டம் ஏன் அவ்வளவு தூரம் அசைக்கப்பட்டது என்பதற்கு அரசியல் மட்டும் காரணமாக முடியாது. படத்தின் தொடக்கத்தில் அருவியில் நனைந்த பெண்ணோடு அந்தக் கூட்டம் ஏற்கெனவே ஊர்க்காரராகிவிட்டிருந்தது. படத்தின் அழகு அரசியலுக்கு வழி திறந்தது. அழகைத் தனியே போற்றுவதும் அரசியலைத் தனியே கண்டிப்பதும் அதனால்தான் இந்தப் படத்தில் அரைகுறையாக முடிகின்றன.

மாஸ்கோ விழாவில் நிலைமை வேறு. சோவியத் ஒன்றியம் கலைந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நகரம் அது. ராஜ் கபூரின் ‘ஆவாரா’வை 1954இலிருந்து கொண்டாடிய மக்களுக்கு இந்தியப் பாட்டும் கண்ணீரும் புதிதில்லை. அந்த ஆண்டு முதல் பரிசான தங்க ஜார்ஜ் விருது, யோலாந்த் சோபெர்மன் இயக்கிய ‘மீ இவான், யூ ஆபிரகாம்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் போனது. 1930களின் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடியிருப்பில் நடக்கும் கதை அது. அதே போட்டியில் ‘ரோஜா’வின் பச்சையும் ஓடியது. நடுவர்கள் பரிசை எப்படி முடிவு செய்தார்கள் என்பதைவிட, வண்ணமே இல்லாத ஒரு படமும் வண்ணத்தாலேயே பேசும் ஒரு படமும் ஒரே மேடையில் நின்றன என்பதே நினைவில் வைக்கத்தக்கது.

விழாப் பார்வையாளர் எப்போதும் ஊர்ப் பார்வையாளரிலிருந்து மாறுபடுகிறார். அவருக்குக் கதையின் மண் தெரியாது, நடிகரின் முந்தைய படங்கள் தெரியாது, வசனம் திரையின் அடியில் எழுத்தாக மட்டும் ஓடும். ஆகவே காட்சிக்கு அவர் கொடுக்கும் கவனம் கூடுதல். சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1956இல் கான் விழாவில் சிறந்த மனித ஆவணத்துக்கான பரிசைப் பெற்றது. அதே படத்தை 1958இல் அமெரிக்காவில் பார்த்த நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் பாஸ்லி கிரௌதர், கட்டுக்கோப்பில்லாத படம் என்ற தொனியில் எழுதினார். பிறகு உலகின் மிகச் சிறந்த படங்களின் பட்டியல்களில் அது நிலைத்த இடம் பிடித்தது.

சந்தோஷ் சிவன் ‘ரோஜா’வுக்கு ஆறு ஆண்டுக்குப் பின் தாமே இயக்கிய ‘தி டெரரிஸ்ட்’ இந்த ஒப்பீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. தமிழில் எடுக்கப்பட்ட படம். தற்கொலைப் படையில் சேர்ந்த மல்லி என்ற பெண்ணின் கடைசி நாட்கள் கதை. ஆயிஷா தார்க்கர் நடித்தார். ஆறு, மழை, ஈர இலை, முகத்துக்கு மிக அருகில் செல்லும் கேமரா என்று ‘ரோஜா’வின் முதல் பாடலில் இருந்த எல்லாமே இதிலும் உண்டு. ஆனால் இங்கே அந்த நீர் வீட்டை நினைவூட்டவில்லை. சாகப் போகும் ஒருத்திக்கு உயிரின் ருசியைத் திரும்பக் காட்டுகிறது. 1998இல் கெய்ரோ திரைப்பட விழாவில் இதைப் பார்த்த ஹாலிவுட் நடிகர் ஜான் மால்கோவிச் மிகவும் கவரப்பட்டு, அமெரிக்க வெளியீட்டுக்குத் தம் பெயரையே கொடுத்தார். விழாவில் ஒரே ஒரு பார்வையாளரின் எதிர்வினை ஒரு படத்தின் விதியை மாற்றும் என்பதற்கு இது நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் பெருங்கூட்டம் அதைப் பார்க்கவில்லை. 2024இல் கான் விழாவில் ஒளிப்பதிவாளர்களுக்கு வழங்கப்படும் பியர் ஆஞ்ஜெனியு விருது சந்தோஷ் சிவனுக்குக் கிடைத்தது. இந்தியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை.

அண்மைக் காலத்தில் உலக விழாக்கள் விரும்பிப் பார்க்கும் தமிழ் நிலம் வேறாகிவிட்டது. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவின் புலி விருதை வென்றது. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல், வெயில், செம்மண், தண்ணீருக்காக ஊற்றைச் சுரண்டும் கைகள் என்று ‘ரோஜா’வின் ஊருக்கு நேரெதிரான நிலம் அதில் வருகிறது. அவருடைய ‘கொட்டுக்காளி’ 2024இல் பெர்லின் விழாவில் பாராட்டப்பட்டு, ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, பின்னணி இசையே இல்லாத நீண்ட காட்சிகளும் முடிவை அறிவிக்காத முடிவும் பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்தன. சிலர் நெகிழ்ந்தார்கள். சிலர் காசு வீண் என்றார்கள். அந்தக் கோபத்தையும் எதிர்வினையாக மதிக்க வேண்டும். ஒரு படம் தம்மிடம் எதைக் கேட்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர்களே அப்படிக் கோபப்படுகிறார்கள்.

தென்காசிக்கு வந்து சேரும் எதிர்வினை கைதட்டலாகவோ கட்டுரையாகவோ இல்லை. இங்கே பார்வையாளர் நேரிலேயே வந்து நிற்கிறார். 2005இல் வெளியான ஷங்கரின் ‘அந்நியன்’ படத்தில் வரும் கிராமத்துப் பாடலுக்காகச் சுந்தரபாண்டியபுரத்துப் பாறைகளில் எம்.ஜி.ஆர்., ரஜினிகாந்த் போன்ற நட்சத்திரங்களின் உருவங்கள் தீட்டப்பட்டன. பாடல் எடுத்து முடிந்த பின்னும் மக்கள் அந்தப் பாறையைத் தேடி வந்துகொண்டே இருக்கிறார்கள். அதற்கு ‘அந்நியன் பாறை’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ‘ரோஜா’ வந்த காலத்தில் இந்தப் பகுதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம்.

சாரல் காலத்தில் குற்றாலம் போகிறவர்கள் ஒரு பகல் ஒதுக்கினால் சித்திர சபையையும் சுந்தரபாண்டியபுரத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம். போகும் முன் ‘ரோஜா’வைத் தமிழில், முதல் காட்சியிலிருந்து பார்த்துவிட்டுப் போவது நல்லது. சுந்தரபாண்டியபுரத்தில் பூத்து நிற்கும் சூரியகாந்தி விற்பனைக்கான பயிர், ஒருவரின் வருமானம். படம் எடுக்கிறவர்கள் வரப்பிலேயே நின்று எடுக்க வேண்டும். செடிகளுக்குள் இறங்கக் கூடாது.